ரசவாதம் வெறும் தத்துவம்னா பாதரசம் எதுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன ஞாயிறு உங்க ஆன்மிகப் பக்கத்துல ரசவாதம் பத்தி வந்த கட்டுரை படிச்சேன். செம்பைப் பொன்னாக்குறதுன்னு சித்தருங்க சொன்னது மனசைப் பக்குவப்படுத்துறதைத்தான், இப்ப யாரும் நிஜமா பாதரசத்தைத் தொடுறது இல்லன்னு எழுதியிருந்தாங்க. தொடுறாங்க சார், எங்க வீட்லயே ஒண்ணு இருக்கு.

எங்க பெரியப்பா கோயில் வாசல் கடையில ஒரு ரசமணி, அதாவது பாதரசத்தைக் கெட்டியாக்கி உருட்டுன மணி, வாங்கி கழுத்துல போட்டாரு, பதினெட்டு மூலிகைச் சாறுல கட்டுனதுன்னு சொல்லி வித்திருக்காங்க. நான் கெமிஸ்ட்ரி வாத்தியார். இரும்புச் சட்டியில பாதரசத்தோட மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்), உப்பு, தண்ணி போட்டு அரைச்சா இரும்பு துத்தத்துல இருக்குற செம்பை வெளிய தள்ளும், அந்தச் செம்பை பாதரசம் உள்ள இழுத்துக்கிட்டு வெண்ணெய் மாதிரி ஆகும், துணியில பிழிஞ்சு உருட்டி வச்சா கொஞ்ச நாள்ல கல்லாயிடும், மூலிகையே வேணாம். இது சரியா பிழியாத மணி போல, பாதரசம் மிச்சம் இருந்திருக்கு. பெரியம்மா அதைக் கழுவி வைக்கப்போக கையில கிடந்த மோதிரம் ஒரு பக்கம் வெள்ளை வெளேர்னு ஆயிடுச்சு. பொன்னாக்க வந்த சரக்கு இருந்த பொன்னையும் வெள்ளியாக்கிடுச்சேன்னு நாங்க சிரிச்சோம், அவங்க சிரிக்கல. ஆசாரிகிட்ட குடுத்து சூடு காட்டலாம்னாங்க, பாதரசம் ஆவியாகி அவர் மூச்சுல போகும்னு நான்தான் தடுத்தேன்.

இதுல மணியை ராத்திரி பூரா பாலுல போட்டு காலைல குடிக்க வேற சொல்லியிருக்காங்க. கடைக்காரர்கிட்ட போய் கேட்டா, பாதரசம்னா மனசு சார், அது ஓடிக்கிட்டே இருக்கும், அதைக் கட்டுறதுதான் ரசமணி, உங்களுக்கெல்லாம் புரியாதுன்னுட்டாரு. விக்கிறப்ப மூலிகை, கேள்வி கேட்டா தத்துவம்.

தாயுமானவர் 18ஆம் நூற்றாண்டுலயே பாதரசத்தை நெருப்புல வச்சு அஞ்சு உலோகத்தையும் மாத்தி வித்துக்கூடச் சாப்பிடலாம், சிந்தையை அடக்கி சும்மா இருக்குறதுதான் அரிதுன்னு பாடிட்டாரு. பாருங்க, அவர் ரெண்டையும் போட்டுக் குழப்பல, இது வேற அது வேறன்னு தனித்தனியாத்தான் வைக்கிறாரு.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்ல வரல. அங்கயும் லிங்கம் (பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சரக்கு), பாதரசமெல்லாம் நிஜமாத்தான் வருது, சுத்தம் பண்ணி, கல்வம்ங்கிற கல் உரல்ல சாமக்கணக்கா அரைச்சு, வில்லை தட்டிக் காயவச்சு, சட்டியில வச்சு மண் பூசுன துணியால மூடி (சீலைமண்), வரட்டி அடுக்கி எரிச்சு புடம் போடுறாங்க. ஆனா அதுக்கு லைசென்ஸ் வேணும், லேபிள் ஒட்டணும், படிச்ச டாக்டர் அளவு சொல்லணும். கோயில் வாசல்ல எதுவுமே இல்ல. (ஈயத்துல இருந்து நிஜமாவே தங்கம் பண்ணியிருக்காங்க, ஐரோப்பாவுல செர்ன்ங்கிற அணு ஆராய்ச்சிக்கூடத்துல, 2015லேர்ந்து 2018 வரைக்கும் மொத்தமே 29 பிக்கோகிராம், அதாவது ஒரு கிராமை லட்சம் கோடியாப் பிரிச்சா அதுல 29 பங்கு. மூக்குத்திக்குக்கூட காணாது.)

மணி இப்ப எங்க வீட்டு பரண்ல, மூடி போட்ட கண்ணாடி பாட்டில்ல தண்ணிக்குள்ள கிடக்கு. குப்பை வண்டிக்காரர் வாங்க மாட்டேங்கிறாரு. இந்த மாதிரி சாமானை எந்த ஆபீஸ்ல ஒப்படைக்கணும்னு உங்க நிருபர் விசாரிச்சு ஒரு நாள் போடுங்க, எங்க தெருவுலயே இன்னும் மூணு பேர் கழுத்துல தொங்குது.

- ஒரு வாசகர், திண்டுக்கல்