தொட்டிக்கரியும் பேட்டரியும்

வேளச்சேரி, சென்னை

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்கு முட்டி வலி குறைந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்குப் போரூர் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, தினமும் டிராஃபிக்கில் வாடி வருகிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கொழுந்தனார் பல்லடம் பக்கம் தேங்காய்த் தொட்டியை (சிரட்டையை) எரித்துத் தொட்டிக்கரி சுடப்போகிறார், பேட்டரிக்காரர்கள் வாங்குவார்கள் என்கிறார், நிஜமா என்று கேட்டிருந்தாய்.

தேங்காய்த் தொட்டிக்கு மதிப்பு இருப்பது நிஜம். சட்டென்று மின்சாரத்தை வாங்கி, சட்டென்று திருப்பித் தருகிற சூப்பர் கெப்பாசிட்டருக்குள் இருப்பது ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது நுண்துளைகள் நிறைந்த கரி. ஜப்பானின் குராரே நிறுவனம் அதற்கென்று விற்கும் கரியைத் தேங்காய்த் தொட்டியிலிருந்துதான் செய்கிறது. தொட்டி கெட்டியானது, சாம்பல் மிகக் குறைவு. சுட்ட கரியை 800, 900 டிகிரி சூட்டில் நீராவியில் வைத்தால் நுண்துளைகள் திறந்துகொள்ளும். ஒரே கிராம் கரிக்குள் 1,500 சதுர மீட்டர் பரப்பு! மின்னூட்டம் வந்து நிற்பது அந்தத் துளைச் சுவர்களில்தான். (தொட்டிக்குப் பதில் நெல் உமி என்றால் சாம்பலே நூற்றுக்கு 15, 20 வரும், பெரும்பாலும் மணலில் இருக்கும் சிலிக்கா. அதைக் கரைத்தெடுப்பது தனி வேலை.)

லித்தியத்துக்குப் பதில் சோடியம் போடும் பேட்டரிக்கு வேறு கரி. லித்தியம் பேட்டரியில் இருக்கும், அடுக்கடுக்கான கரியாகிய கிராஃபைட்டுக்குள் சோடியம் தங்காது. அடுக்குகள் கலைந்த ஹார்ட் கார்பன் என்ற கரி வேண்டும். அதைக் காற்றுப் படாமல் 1,200 டிகிரிக்கு மேல் சுட வேண்டும், துளைகளும் மூடியிருக்க வேண்டும். குழியில் சுட்ட கரி இரண்டுக்குமே முதல் படிதான். நல்ல விலை அதற்கப்புறம் வரும் படிகளில்தான் இருக்கிறது.

என் கவலை வேறு. மூன்று, நான்கு கிலோ தொட்டி எரித்தால் ஒரு கிலோ கரி. மீதி புகையும் தாருமாகப் போகிறது. கரியை அணைக்க ஊற்றும் தண்ணீர் ஃபீனால் என்ற நச்சோடு மண்ணுக்குள் இறங்குகிறது. உங்கள் பக்கம் இந்தக் கரிச் சூளைகளால் கிணறும் போர்வெல்லும் கெட்டு ஊரே போராடியதை நீ நேரில் பார்த்தவள். லாபம் எங்கோ ஒரு கம்பெனிக்கு, கெட்ட கிணறு நம் ஜனங்களுக்கு என்றால் அந்தத் தொழிலே வேண்டாம்.

கொழுந்தனாரிடம் சொல்: குழி வேண்டாம், மூடிய உலை போடட்டும். புகையை எரித்து அந்தச் சூட்டிலேயே ஈரத் தொட்டியை உலர்த்தலாம். தண்ணீர் ஊற்றாமல் காற்றுப் புகாத டிரம்மில் கரியை ஆறவிடலாம். முதலீடு போடும்போது செலவு கூடும்தான். ஆனால் மண் ஒட்டாத கரியில் சாம்பல் ஏறாது, கெப்பாசிட்டர் கரி செய்பவர்கள் சாம்பலைக் கவனமாகப் பார்ப்பார்கள்.

பேட்டரி மாதிரியானவற்றை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான காரைக்குடி சிக்ரியின் கிளை இங்கே தரமணியில் இருக்கிறது. முன்பணம் கொடுக்கும் முன் அவரை ஒருமுறை வரச்சொல், நானும் கூட வருகிறேன். அந்தப் பக்கத்துச் சூளைக் கரி ஒரு கிலோவும், பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டிலும் கொண்டுவரட்டும். இரண்டையும் சோதித்துப் பார்ப்போம்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மல்லிகா