கடலூரில் பெரணி கிடைக்குமா?

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே நாங்கள் சுகம். பெரியவளுக்கு நெய்வேலியிலேயே வேலை அமைந்துவிட்டது, ஞாயிறு தவறாமல் வந்துவிடுகிறாள்.

கோத்தகிரிச் சரிவில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் மரப்பெரணிகளைப் (ட்ரீ ஃபெர்ன்) பற்றி எழுதிவிட்டு, உங்கள் ஊர் வெயிலில் பெரணி எங்கே கிடைக்கப்போகிறது என்று கேட்டிருக்கிறாய். கிடைக்கிறது நண்பா. கிணற்றுக்குள்ளும் பழைய மதிலிலும் நெல்வயலிலும் தேட வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் அங்கே என்றால், பெரணிக்குப் பூ இல்லை, விதை இல்லை. இலையின் பின்புறத்திலிருந்து உதிரும் தூள் ஈரத்தில் விழுந்து, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய, இதய வடிவப் பச்சைத் தகடாக முளைக்கும். அதன்மேல் ஒரு படலம் தண்ணீராவது நின்றால்தான் ஆணணு நீந்திப்போய்க் கருமுட்டையைச் சேர முடியும். நமக்குப் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும். மற்ற மாதங்களில் அந்தக் கொஞ்ச ஈரத்தைக் காத்து வைத்திருப்பது பெரும்பாலும் நம் ஆட்கள் வெட்டியதும் கட்டியதும்தான்.

பழைய வீட்டுக் கிணறுகளை எட்டிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. உறைக்குக் கீழே செங்கல் இடுக்கில் அடியாண்டம் என்ற பெரணி தொங்கும். தலைமுடி கனத்தில் பளபளக்கும் கறுப்புக் காம்பு, விசிறி மாதிரி சின்னச் சின்ன இலை, தண்ணீர் தெளித்தால் ஒட்டாமல் உருண்டோடிவிடும். இலையின் ஓரம் மடிந்திருக்கும் இடத்தில்தான் தூள் ஒளிந்திருக்கும், லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் வீடு இடித்துக் கட்டும்போதெல்லாம் முதலில் போவது கிணறு. போர் போட்டபின் எதற்கு என்று மண்ணைக் கொட்டி மூடிவிடுகிறார்கள். கிணற்றோடு அந்தப் பெரணியும் போகிறது. பக்கத்தில் அதற்கு வேறு இடமே இல்லை. இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அன்று சோறு இறங்குவதில்லை.

புதுச்சேரிக்குப் போனால் கடற்கரையைவிடப் பழைய வீதிகளின் மதில்களைத்தான் பார்த்து நடக்கிறேன். சுண்ணாம்புக் காரை பெயர்ந்த இடத்தில், சாக்கடை ஓரத்துச் செங்கலில், டெரிஸ் விட்டேட்டா என்ற பெரணி நிற்கும். ஏணிப்படி போல இரண்டு பக்கமும் நீண்ட இலைகள். சுண்ணாம்புதான் அதற்குத் தீனி. சாதாரணச் சுவர்ச்செடி என்று நினைக்காதே. மரத்துக்கு மருந்தேற்றிய ஒரு தொழிற்கூடத்தால் ஆர்செனிக் நஞ்சேறிய மண் ஃபுளோரிடாவில் இருந்தது. அங்கே வளர்ந்த இதே பெரணி அந்த நஞ்சை உறிஞ்சித் தன் இலையில் ஏற்றி வைப்பதை 2001-ல் கண்டுபிடித்தார்கள். பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் சுண்ணாம்புக்குப் பதிலாகச் சிமென்ட் பூசிவிட்டால் அது திரும்ப வருவதில்லை.

ஆரைக்கீரை உனக்கு மறந்திருக்காது. அம்மா பருப்பு போட்டுக் கடைந்து கொடுத்தது. அதுவும் பெரணிதான்! வரப்போரத்துச் சேற்றில் பார், இளம் இலை மற்ற பெரணிகளைப் போலவே சுருண்டு வரும். புளியாரையோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. புளியாரைக்கு மூன்று இலை, மஞ்சள் பூ. ஆரைக்கு நான்கு இலை, பூவே கிடையாது. காம்பின் அடியில் அவரை விதை அளவுகூட இல்லாத கெட்டியான உறை ஒன்று இருக்கும். ஏரி வற்றிச் சேறு வெடித்தாலும் அதற்குள் உயிர் காத்துக் கிடக்கும். பல பத்தாண்டுகள் காய்ந்து கிடந்த உறைகூட, ஓட்டைக் கீறித் தண்ணீரில் போட்டதும் முளைத்திருக்கிறது. களைக்கொல்லி அடிக்காத வயலாகப் பார்த்துத்தான் இப்போது பறிக்கிறேன், அப்படி வயல் குறைவு.

பெரணி போக, செடிகொடிக்காகப் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டித்தான் இருக்கிறது. சோழமண்டலக் கரைக்கு உரிய உலர் பசுமைக்காடு, கோடையிலும் இலை உதிர்க்காது. வீரை, உலக்கைப்பாலை, எட்டி, காயா. காயா பூத்தால் கிளையோடு ஒட்டி நீலம் பிடித்திருக்கும், பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்றவர்கள் இதைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். சாமி காடு என்று ஊர்க்காரர்கள் குச்சி ஒடிக்காமல் விட்டதால் மிஞ்சியது. பெயர் தெரியாதவற்றைச் செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்துச் புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் உள்ள பிரெஞ்சு நிறுவனத்தின் ஹெர்பேரியத் தாள்களோடு, அதாவது காயவைத்த செடிகள் ஒட்டிய தாள்களோடு, ஒப்பிட வேண்டும். அங்கே ஒரு பகல் கிடைத்தால் எனக்குத் திருவிழா.

இப்போது என் மனசெல்லாம் ஓபியோகிளாசம் என்ற சின்னப் பெரணியில்தான். ஒரே ஒரு இலை, அதிலிருந்து ஒரு கதிர், புல்லுக்குள் நின்றால் கண்ணில் படாது. மழைக்குப் பிறகு சில வாரம் தலைகாட்டிவிட்டு மண்ணுக்குள் போய்விடும். அதன் ஓர் இனத்தின் செல்லில் 1,200-க்கும் மேல் குரோமோசோம்கள் இருப்பதாக 1954-ல் ஆப்ரகாமும் நைனானும் எழுதினார்கள். நமக்கு 46தான். கடலூரை ஒட்டிய கேப்பர் மலையின் செம்மண்ணில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே திறந்த புல்தரைகளில் இருக்கும் என்று நம்புகிறேன். இன்னும் கிடைக்கவில்லை.

அதனால் ஐப்பசி மழை பிடித்ததும் நீ வர வேண்டும். குனிந்து தேட இன்னொரு ஜோடி கண் வேண்டும். அப்புறம், வரைவதற்கும் நீதான். கிணற்றுப் பெரணியைப் பறிக்காமல் அப்படியே படமாக வரைந்து வைக்க ஆசைப்படுகிறேன், என் கைக்கு அது வராது. புதுப்பாளையத்தில் ஒரு வீட்டுக்காரர் மூட இருந்த கிணற்றுக்குக் கம்பி வலை போட்டுக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். முதல் படம் அந்தக் கிணற்றில் இருக்கட்டும். பத்து மடங்கு லென்ஸும் பேனா மையும் எடுத்து வா, என் லென்ஸில் கீறல் விழுந்துவிட்டது. தங்கச்சிக்குப் பயணம் ஒத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னால் அவளையும் கூட்டி வா, மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. டிக்கெட் போட்டதும் தேதியை எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்