ஈரம் காயாமல் காத்தவருக்கு

அம்மா நேற்று எழுந்து உட்கார்ந்து, தன் கையாலேயே இட்லி பிட்டுச் சாப்பிட்டார். தம்பி வீடியோவில் காட்டினான். அந்த 43 நாட்கள் எப்படிப் போயின என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மறுபடி சொல்ல மனசு வரவில்லை. ரத்தம் கொடுத்தவர்கள், நடு ராத்திரியில் டிக்கெட் போட்டுத் தந்த ஒசாகா நண்பர்கள், தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்தவர்கள், பணம் அனுப்பிவிட்டுப் பெயரைச் சொல்லாதே என்றவர்கள், தினமும் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு அக்கா, எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வருவேன்.

இன்றைக்கே எழுத உட்கார்ந்தது இன்னொருவருக்காக. அவருக்குத் தமிழ் தெரியாது.

ஜப்பானில் ஒகயாமா பக்கத்தில் இம்பே என்று ஓர் ஊர். பிஸென் மண்பாண்டங்கள் பிறக்கும் இடம். 15 வருடம் கேன்வாஸும் பிரஷுமாக இருந்தவள் நான். ரே மீக்கரும், ஜப்பானில் தொழில் கற்று வந்த டெபோரா ஸ்மித்தும் 1971ல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மண்பாண்டப் பட்டறை வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன், உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. என்னை மண்ணைத் தொட வைத்தவர் இம்பேயில் என் குரு, நான் சென்செய் என்று கூப்பிடுகிறவர்தான். 'மண் பிசைய மூன்று வருடம்' என்று அங்கே சொல்வார்கள். முதல் ஏழு மாதம் எனக்குச் சக்கரமே தரவில்லை. பைன் விறகு பிளந்தேன், மண் பிசைந்தேன். நெல்வயலுக்கு அடியில் தோண்டியெடுத்து வருடக்கணக்கில் பதப்படுத்திய மண். பிஸெனில் மேற்பூச்சு கிடையாது. சூளை பத்துப் பன்னிரண்டு நாள் எரியும்போது தீயும் சாம்பலும் என்ன நிறம் தருகிறதோ அதுதான். வண்ணங்களோடு வாழ்ந்த எனக்கு முதலில் அது பிடிபடவில்லை. இப்போது அதற்காகத்தான் விடிகாலையில் எழுகிறேன்.

தம்பியின் போன் வந்தபோது என் சக்கரத்தில் ஒரு ஜாடி பாதியில் நின்றது. நானே செய்யலாம் என்று சென்செய் விட்ட முதல் பெரிய ஜாடி. அவ்வளவு பெரியதை ஒரே மூச்சில் எழுப்ப முடியாது. ஒரு சுற்று மண் திரி வைத்து, அது கொஞ்சம் இறுகிய பிறகுதான் அடுத்தது. விளிம்பு காய்ந்துவிட்டால் மேலே வைப்பது ஒட்டாது. அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அப்புறம் அதன் நினைப்பே இல்லை.

முந்தாநாள் திரும்பி வந்தேன். சென்செய் எதுவும் கேட்கவில்லை. அவர் மனைவி ஓகுசான் டீ கொடுத்தார், அம்மாவை விசாரித்தார், பட்டறைக்குள் போ என்று கையைக் காட்டினார்.

என் சக்கரத்தின் மேல் ஒரு பழைய கம்பளி. அதைத் தூக்கினால் பிளாஸ்டிக் தாள். அதற்கடியில், விளிம்பை மட்டும் சுற்றி ஒரு வெள்ளைத் துணி. தொட்டேன். ஈரம். துணியை விலக்கினேன். என் கட்டைவிரல் அழுந்திய பள்ளம் அன்று விட்டபடியே இருந்தது. அடிப்பாகம் கெட்டி. விளிம்பு மட்டும் நகம் பட்டால் பதிகிற மாதிரி மெத்தென்று.

தினமும் காலையில் சென்செய் வந்து துணியை நனைத்து, பிழிந்து, சுற்றிவிட்டுப் போனாராம். ஓகுசான் சொல்லித்தான் தெரியும். தண்ணீர் கூடினால் விளிம்பு தொய்ந்துவிடும், குறைந்தால் காய்ந்துவிடும். தை மாதக் குளிரில் ராத்திரி உறைந்துபோனால் ஈர மண் வெடித்துவிடும் என்று தன் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தியிருக்கிறார். 81 வயது மனிதர். அரைமணி நேரத்தில் அந்த ஜாடியை அவரே முடித்திருக்கலாம். என்னுடையது என்று விட்டுவைத்திருந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், இனி மண்ணும் வேண்டாம் பிரஷும் வேண்டாம் என்று நான் உட்கார்ந்திருந்த காலைகளில் இங்கே ஒருவர் துணி பிழிந்துகொண்டிருந்தார். அழுதுவிட்டேன். அவர் வெளியே விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்காமல் அடுக்கினார்.

சென்செய், உங்கள் மொழியில் சொல்லிப் பார்த்தேன், நன்றி என்கிற அரிகாதோவுக்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. அதனால் என் மொழியில் எழுதி வைக்கிறேன். இந்தப் பட்டறையில் இனி யார் வேலையைப் பாதியில் விட்டு ஊருக்கு ஓடினாலும், துணி நனைப்பது என் பொறுப்பு.

இன்று காலை அடுத்த திரியை வைத்தேன். ஒட்டிக்கொண்டது. இன்னும் இரண்டு சுற்று ஏற்ற வேண்டும்.