கொங்கு மண்டல மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

2019-இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியதிலிருந்து நம் கால அட்டவணைகளில் சிறு குழுக் கற்றலுக்கு இடம் இருக்கிறது. ஆனால் முப்பது பேரை உட்காரவைத்து ஆசிரியரே முழு நேரமும் பேசினால், அதுவும் விரிவுரைதான். 1969-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த சிக்கல்வழிக் கற்றல் முறையில் ஒரு நோயாளியின் சிக்கல் முன்னே வரும், பாடம் பின்னே வரும். அந்த வரிசையைக் காப்பாற்றாமல் குழுவை மட்டும் பிரித்துப் பயனில்லை.

நம் ஊர்ச் சிக்கல் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். நூற்பாலையில் பஞ்சைச் சீவிச் சுத்தம் செய்யும் கார்டிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண். வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சை இறுக்குகிறது, மூச்சு வாங்குகிறது. மாணவர்களுக்கு இவ்வளவு போதும். நோயின் பெயரைத் தலைப்பிலேயே அச்சடித்துவிட்டால் அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிடுவார்கள்.

“ஆஸ்துமா, சார்” என்பார் ஒருவர். அங்கேதான் ஆசிரியருக்குச் சோதனை. “இல்லை, பருத்தித் தூசியால் வரும் பிசினோசிஸ்” என்று சொல்லிவிட்டால் கற்றல் அத்தோடு நின்றுவிடும். “அப்படியானால் புதன், வியாழன் ஆக ஆக ஏன் குறைகிறது?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அமைதி நீண்டாலும் பொறுத்திருங்கள். மூச்சுக்குழாய், நுரையீரல் சோதனை, ஆலையின் காற்றோட்டம் என்று தெரியாதவற்றை அவர்களே பட்டியலிடுவார்கள், பிரித்துக்கொண்டு படிப்பார்கள். சில நாள் கழித்து அதே குழு மீண்டும் கூடி, படித்ததை வைத்து அந்தப் பெண்ணின் நோயை விளக்க வேண்டும். இந்த இரண்டாம் அமர்வைத்தான் நாம் முதலில் கைவிடுகிறோம். அது இல்லையென்றால் முதல் அமர்வு வெறும் பேச்சு.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்கள் நம்மிடம் வருகிறார்கள். மில் வேலையை வீட்டிலேயே கண்டு வளர்ந்தவர் அவர்களில் இருக்கக்கூடும். புத்தகத்தில் இல்லாத விவரம் அவரிடம் இருக்கும். ஆங்கிலத்துக்கு அஞ்சி அவர் வாய் திறக்காமல் இருந்தால் இழப்பு குழு முழுவதற்கும்தான். விவாதம் தமிழில் நடக்கட்டும், கலைச்சொற்கள் ஆங்கிலத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

குழுவுக்கு எட்டுப் பேர், ஒரு சிக்கலுக்கு இரண்டு அமர்வுகள், வழிநடத்தும் ஆசிரியர்களுக்கு முன்பயிற்சி. இவற்றை வரும் கல்வியாண்டின் அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள். சிக்கல்களை வெளியிலிருந்து வாங்க வேண்டாம். பூச்சிமருந்து குடித்தவரும் பாம்பு கடித்தவரும் நம் அவசரப் பிரிவுக்குத்தான் வருகிறார்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு மருத்துவ ஆசிரியர்