பக்கப்பட்டைக்குப் பர்மா தேக்கு வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரித்து விற்கப்படும் செட்டிநாட்டு வீடுகளின் மரங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், அவ்வீடுகளின் பர்மா தேக்கு எந்த வேலைக்கும் ஏற்றது என்று எழுதப்பட்டிருந்தது. காரைக்குடிக்கு அருகே நாற்பது ஆண்டுகளாகத் தச்சுப் பட்டறை நடத்தி வருபவன் நான். சென்ற ஆண்டு என் கைக்கு வந்த, பனிச்சறுக்குக் கட்டைக்கு ஓரப் பட்டை செய்யும் ஒரு வேலையை வைத்து இக்கருத்துக்கு ஒரு திருத்தம் சொல்ல விரும்புகிறேன்.

ஆஸ்திரியாவில் பொறியாளராக இருக்கும் என் தங்கை மகன், பனிமலைச் சரிவில் வழுக்கிச் செல்லும் ஸ்கீ கட்டைகளைக் கடையில் வாங்காமல் தன் வீட்டுக் கொட்டகையிலேயே செய்துகொள்கிறான். "மாமா, உள்ளே வைக்கிற மரம் இங்கேயே கிடைக்குது. ரெண்டு ஓரத்துக்கும் ஒட்டுற பட்டைக்கு நம்ம ஊர் வைரம் பாஞ்ச மரம் ஏதாச்சும் அனுப்ப முடியுமா?" என்று கேட்டான்.

ஸ்கீயின் நடுவில் பாப்ளர், ஆஷ், மேப்பிள் போன்ற மரங்களின் சட்டம் இருக்கும். அதன் மேலும் கீழும் கண்ணாடி இழைத் துணியை எபாக்சிப் பசையில் தோய்த்து ஒட்டுவார்கள். அடியில் வழுக்கும் பிளாஸ்டிக் தகடும், அத்தகட்டின் விளிம்பில் எஃகுப் பட்டையும் வரும். எஃகுக்கு மேலே, நடுச்சட்டத்தின் பக்கவாட்டை மூடி நிற்பதைத்தான் சைட்வால் என்கிறார்கள். நான் பக்கப்பட்டை என்றே சொல்கிறேன். அகலம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். உயரம் நடுவில் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருந்து, முனைகளில் 2 மில்லிமீட்டராகத் தேய்ந்துவிடும். இவ்வளவு சிறிய பட்டைதான், பனிக்கடியில் மறைந்திருக்கும் கல்லில் எஃகு மோதும்போது அந்த அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். உருகிய பனிநீர் நடுச்சட்டத்துக்குள் இறங்காமலும் தடுக்க வேண்டும். தொழிற்சாலைகளில் இதற்கு ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். மரத்தை எபாக்சி கவ்விக்கொள்வதுபோல் பிளாஸ்டிக்கைக் கவ்வுவதில்லை என்பதால், வீட்டில் செய்பவர்களில் சிலர் மரத்தையே தேடுகிறார்கள்.

கடினமான மரம் எல்லாம் இதற்கு ஆகாது. மேப்பிளும் ஹிக்கரியும் அடி தாங்கும். ஆனால் ஈரத்தில் நாள்பட இருந்தால் அழுகும். ஓக்கில் வெள்ளை, சிவப்பு என்ற இருவகையில், வெள்ளை ஓக்கின் நுண்குழல்கள் இயல்பாகவே அடைபட்டிருப்பதால்தான் அது பீப்பாய்க்குப் போகிறது. சிவப்பு ஓக்கிலோ ஒரு துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும். அத்தகைய மரத்தில் பனிநீர் எளிதாக ஏறிவிடும்.

நானும் முதலில் பர்மா தேக்கைத்தான் நினைத்தேன். நம் வட்டாரத்தில் பழைய மரம் விற்கும் ஒருவரிடம், பர்மா தேக்கு என்று அவர் உறுதி சொன்ன ஒரு கைமரத்தை, அதாவது கூரை தாங்கும் சாய்சட்டத்தை, வாங்கி வந்தேன். இழைப்புளியை வைத்து இரண்டு இழுப்பு இழுத்ததுமே ஐயம் வந்துவிட்டது. தேக்குச் சீவலை விரலில் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கும், பதனிட்ட தோலை ஒத்த வாசமும் இருக்கும். இதில் இரண்டும் இல்லை. மூன்றாவது இழுப்பில், தலை முறிந்து உள்ளே புதைந்து கிடந்த பழைய ஆணி ஒன்று அலகின் வாயைப் பெயர்த்துவிட்டது. மேலும் இழை நேராக ஓடாமல் பக்கவாட்டில் விலகியிருந்ததால், 10 மில்லிமீட்டர் பட்டையாக அறுத்தபோது பாதி நீளத்திலேயே வெடித்துப் பிரிந்தது. ரசீதில் "பழைய மரம்" என்று மட்டும் எழுதியிருந்ததால் நான் திருப்பிக் கேட்க வழியில்லாமல் போயிற்று.

பிறகு, ஐயத்துக்கு இடமில்லாத தேக்கு, வேங்கை, கருவேலம், சீமைக் கருவேலம் ஆகிய நான்கிலும் ஒரே அளவில் பட்டை சீவி, தனித்தனிப் பாத்திரங்களில் ஒன்பது நாள் ஊறவைத்தேன். தேக்கு அசையவே இல்லை. வேங்கை ஊறிய தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தால் நீலமாய் மினுங்கியது. அந்தச் சாயம் பனியிலும் கசியும் என்பதால் அதை ஒதுக்கினேன். எடுத்து உலர்த்தி, சுத்தியலால் விளிம்பில் தட்டியபோது தேக்கு நசுங்கிச் செதில் விட்டது. கருவேலம் இரண்டிலும் வெறும் தழும்புதான் விழுந்தது. தேக்கு நீருக்கு அஞ்சாது. ஆனால் மேப்பிள் அளவுக்குக்கூட அதில் கடினம் இல்லை. பசையிலும் அது தொல்லை கொடுக்கும். எண்ணெய் உள்ள மரமாதலால், ஒட்டுவதற்குச் சற்று முன்பாக உப்புத்தாள் தேய்த்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தால்தான் எபாக்சி பிடிக்கிறது. அப்படிச் செய்யாமல் ஒட்டிய இரண்டு துண்டுகள் மறுநாள் கையாலேயே கழன்று வந்தன. கருவேலத்தில் ஒட்டு விடவில்லை, மரம்தான் கிழிந்தது.

வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் கருவேலத்தைத் தேடிய நம் பெரியவர்கள் இதே குணங்களைத்தான் தேடினார்கள் என்று எனக்குப் படுகிறது. ஆனால் நல்ல கருவேலம் இப்போது எளிதில் அகப்படுவதில்லை. சீமைக் கருவேலமோ சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அது நிலத்தடி நீருக்கும் நாட்டு மரங்களுக்கும் செய்யும் கேட்டை நான் மறுக்கவில்லை. அதை அகற்றத்தான் வேண்டும். ஆயினும் அதன் வைரப்பகுதி உலரும்போது மிகக் குறைவாகவே சுருங்குகிறது, எளிதில் திருகிக்கொள்வதில்லை. அப்படிப்பட்ட மரம் முழுவதும் கரிமூட்டத்துக்கே போவதுதான் வருத்தமாக இருக்கிறது. வெளிறில் வண்டு துளைக்கும் என்பதால் வெளுத்த பகுதியை ஒட்டச் சீவிவிட்டு, செம்பழுப்பு வைரத்தை மட்டுமே எடுக்க வேண்டும். நேரான துண்டு இரண்டு அடிக்கு மேல் கிடைப்பது அரிது. ஸ்கீக்கோ ஆறு அடி நீளம் வேண்டும். அதனால் கனம் ஒன்றுக்கு நீளம் எட்டு என்ற சரிவில் முனைகளைச் சாய்த்துச் சீவி ஒட்டி நீளமாக்கினேன். மரத்தின் ஈரப்பதம் 12 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே ஒட்ட வேண்டும். நான் மச்சில் எட்டு மாதம் அடுக்கி வைத்துக் காத்திருந்தேன்.

சிலர் ஈட்டி மரத்தை அனுப்பலாமே என்றார்கள். ஈட்டியின் பேரினம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளது. தமிழ்நாட்டில் அம்மரத்தைக் காக்க 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் கொண்டுவரப்பட்டது. எனவே, எந்த மரம், எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் காட்ட முடியாத எதையும் நான் அனுப்பவில்லை.

தங்கள் வாயிலாக இரு சாராரிடம் வேண்டுகோள் வைக்கிறேன். பழைய மரம் விற்பவர்கள் மரத்தின் பெயரையும், அது வீட்டின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பதையும் ரசீதில் எழுதித் தர வேண்டும். தூணா, உத்திரமா, கைமரமா என்று தெரிந்தால் இழையையும் ஆணியையும் நாங்கள் முன்கூட்டியே கணித்துக்கொள்வோம். சீமைக் கருவேலம் வெட்டும் குத்தகைதாரர்கள், தொடைப் பருமனில் இரண்டு அடி நேராக உள்ள துண்டுகளை மூட்டம் போடுவதற்கு முன் தனியே எடுத்து வைக்க வேண்டும். எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் மாசி மாதம் வெட்டு தொடங்கவிருக்கிறது. விறகு விலைக்குமேல் கூட்டிக் கொடுத்து, நானே வந்து பொறுக்கி எடுத்துக்கொள்ளக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தச்சுப் பட்டறை நடத்தும் வாசகர்,
காரைக்குடி வட்டாரம்.