பேட்டரி தீர்ந்த பிறகு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நடுக்குவாதத்தால் அவதிப்படும் என் தந்தையார், டம்ளர் காபியில் பாதியை டவராவில் சிந்தாமல் குடித்து ஆறு ஆண்டுகளாகின்றன. உடலில் பொருத்திய கருவியிலிருந்து மூளைக்குள் மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை குறித்த மருத்துவ ஆய்வொன்றில் சேர அழைத்தவர்கள், ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒப்புதல் படிவத்தை நீட்டி, மறுநாளே கையொப்பம் கேட்டார்கள். 1987-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் உருப்பெற்று, உலகெங்கும் பலரின் நடுக்கத்தைத் தணித்துள்ள இச்சிகிச்சையை நான் குறைகூறவில்லை. ஆனால், காறை எலும்புக்குக் கீழே பொருத்தப்படும் கருவியின் பேட்டரி, சார்ஜ் செய்ய இயலாத வகையாயின், சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். ஆய்வு முடிந்தபின் அதை மாற்றும் அறுவை சிகிச்சைக்கு யார் பணம் தருவார் என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. இத்தகைய ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் நெறிமுறைக் குழுக்கள், அந்தப் பொறுப்பைத் தமிழிலேயே எழுதித் தரச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செல்லூர், மதுரை.