மலையில் நனைந்த பையன்

சிங்கப்பூர்,
ஜூன் 14

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. திருத்தல் வேலை முடிந்து, பள்ளி விடுமுறை விட்டபிறகுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தை மட்டும் நம்பிக்கொண்டிருக்காதே.

போன சனிக்கிழமை சிராங்கூன் சாலைப் பக்கம், ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் கூடினோம். தமிழாசிரியர்கள் பதினான்கு பேர். சுற்றறிக்கை, வருகைப் பதிவு எதுவும் கிடையாது. வகுப்பில் கணினியையும் கைப்பேசியையும் வைத்து யார் என்ன செய்கிறோம் என்று பேசுவதுதான் வேலை. 2006இல் ஸ்காட்லாந்தில் தொடங்கிய டீச்மீட் பாணியாம். ஆளுக்கு ஏழு நிமிடம், சின்ன யோசனை என்றால் இரண்டே நிமிடம். அங்கே நேரம் தாண்டுகிறவர் மேல் பொம்மை ஒட்டகத்தை எறிவார்களாம். இங்கே ஒருவர் தன் மகளின் துணி யானையைக் கொண்டுவந்திருந்தார். முதல் எறி யாருக்கு என்று நினைக்கிறாய்? எனக்குத்தான்.

நீயும் நானும் ராத்திரி முழுக்க விழித்துத் தட்டச்சு செய்தோமே, அந்த வேற்றுமை உருபுப் பயிற்சித்தாள்களைக் காட்டலாம் என்று எடுத்துப் போயிருந்தேன். கோப்பைத் திறந்தால் ஓர் எழுத்துகூடத் தமிழ் இல்லை, எல்லாம் ஏதேதோ குறிகள். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு வருவதற்கு முந்தைய எழுத்துரு அல்லவா? தேசியக் கல்விக் கழகத்தில் இருந்த நா. கோவிந்தசாமி 1995லேயே தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டிய ஊரில் எனக்கு இந்த மானக்கேடு. பின்வரிசையில் இருந்த ஓர் இளம் ஆசிரியர் எழுத்துரு மாற்றியில் போட்டு, நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் படிக்கும்படி ஆக்கித் தந்துவிட்டார். உன் எழுத்துப்பிழை இரண்டு அப்படியே இருக்கிறது!

அப்புறம் விசைப்பலகைச் சண்டை. பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்துகள் கைப்பழக்கம், அதனால் ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழ் வரவைக்கும் ஒலிபெயர்ப்பு முறையே போதும் என்று ஒரு கூட்டம். நான் தமிழ் எழுத்துகளையே நேராகத் தட்டும் தமிழ்99 விசைப்பலகையின் கட்சி. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. இரண்டாவது ம விழுந்ததும் முதல் ம தானாகப் புள்ளி வைத்துக்கொள்ளும். மெய் எப்படி இரட்டிக்கிறது என்று விரலே கற்றுக்கொள்கிறது. மற்ற முறையில் பிள்ளை மனத்துக்குள் ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத்தானே தமிழுக்கு வருகிறது? ஆனால் ஒருவர்கூட என் பக்கம் சாயவில்லை. செயற்கை நுண்ணறிவைக் கட்டுரை எழுத வைப்பது பற்றியும் இருவர் பேசினார்கள். அது எழுதும் தமிழுக்கு இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஒரு விறைப்பு. எனக்கு ஒட்டவில்லை.

என் மனத்தில் நின்றது ஓர் ஆசிரியையின் இரண்டு நிமிடம். 2020 ஏப்ரலில் பள்ளிகளை மூடி எல்லோரும் வீட்டிலிருந்தே படித்தபோது தொடங்கியதாம். மாணவர் ஒரு பத்தியை வாசித்து ஒலிப்பதிவு செய்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அனுப்புமுன் தானே ஒருமுறை கேட்டு, தடுக்கிய எழுத்தைப் புத்தகத்தில் பென்சிலால் வட்டமிட வேண்டும். ஆசிரியர் திருத்துவதே இல்லை. ஒரு பையன், வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுகிறவன், 'மலையில் நனைந்தேன்' என்று வாசித்திருக்கிறான். தன் குரலைத் தானே கேட்டுவிட்டு, 'டீச்சர், நான் மலைமேல் ஏறிவிட்டேன்' என்று ஒரு செய்தி. அப்புறம் ஏழு முறை பதிவு செய்தானாம். ஏழாவதை எங்களுக்குப் போட்டுக் காட்டினார். 'மழை' என்று சொல்லுமுன் அவன் மூச்சை இழுத்து, நாக்கை மடிக்கத் தயாராவதுகூடக் கேட்டது. மாடியே அமைதியாகிவிட்டது. ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டதால் யானைக்கும் வேலை இல்லை.

அடுத்த பருவத்தில் நானும் இதைச் செய்யப் போகிறேன். ஆனால் தன் குரலைக் கேட்பதற்கு முன் பிள்ளைகள் நல்ல ழகரம் ஒன்றைக் கேட்க வேண்டாமா? என் ழகரம் உனக்குத் தெரியும். உங்கள் அம்மா கிழவியும் பூசணிக்காயும் கதை சொல்லிப் பதிந்துவைத்த ஒலிநாடா இன்னும் உன் அலமாரியில் இருக்கிறதா? பூஞ்சை பிடித்திருந்தாலும் துடைக்காமல் அப்படியே பொட்டலம் கட்டி அனுப்பு. இங்கே அதைக் கணினியில் ஏற்றித் தருகிற ஆள் கிடைத்துவிட்டார், அதே பின்வரிசைக்காரர்தான்.

உன்,
ராதா